ஏழு வரி தெரிந்துகொள்ள நாலரை எம்பி எதற்கு?

#1 கரிசல்காட்டான் | சனி, காலை 7:40

போன வாரம் அம்மாவுக்குக் கண்ணில் உறுத்தல். ஊர் கோவில்பட்டிப் பக்கம். வீட்டுக்குள் டவர் ஒரு கோடு வரும், சில நேரம் அதுவும் வராது. கண் மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், இவ்வளவுதான் அவருக்குத் தெரியவேண்டும். செல்லில் அந்த மருத்துவமனையின் தளத்தைத் திறந்திருக்கிறார். வெள்ளைத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "எனக்குத்தான் சரியா பார்க்கத் தெரியலையோ என்னவோ, நீ கொஞ்சம் பாருப்பா" என்றார். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுவிட்டார். அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

14 வருடமாக இதே தொழிலில்தான் இருக்கிறேன். லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்து, என்னென்ன இறங்குகிறது என்று பார்த்தேன். மொத்தம் 4.6 எம்பி. முகப்பில் ஓடும் வீடியோ, நாலு விதமான எழுத்துரு, ஓரத்தில் ஒரு சாட் பெட்டி, பார்வையாளரைப் பின்தொடரும் ஸ்கிரிப்டுகள். சர்வரிலிருந்து முதலில் வரும் எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரு காலி டிவ் (எதையும் போட்டுவைக்கும் வெறும் பெட்டி), அதற்குக் கீழே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது உலாவி ஓட்டவேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல், வேறெதுவும் கிடையாது. அந்த ஸ்கிரிப்ட் முழுசாக இறங்கி, ஓடி, வேறொரு முகவரியில் ஜேசான் (வெறும் தகவல் கோப்பு) கேட்டு வாங்கின பிறகுதான் "செவ்வாய், வெள்ளி, காலை 9 முதல் 1 வரை" என்ற வரி திரைக்கு வரும். நடுவில் டவர் ஒருமுறை போனால் ஒன்றுமே வராது.

கிழமையும் நேரமும் சேர்த்து மொத்தம் ஏழு வரி. ஒரு எச்டிஎம்எல் அட்டவணையில் ஐந்து கேபிக்குள் அடங்கிவிடும்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் சேர்ன் ஆய்வகத்தில் வைத்த முதல் இணையதளத்தை, சேர்ன் 2013இல் மீட்டுப் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தது. இன்றைக்கு என் செல்லில் திறந்தேன், கண் இமைப்பதற்குள் வந்தது. எழுத்தும் இணைப்பும் மட்டும் உள்ள பக்கம். முப்பது வருடத்துக்கு முந்தைய பக்கம் திறக்கிறது, போன வருடம் கட்டியது திறக்கவில்லை. கட்டுகிறவர்கள் நாம்தான். ஏன் இப்படிக் கட்டுகிறோம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

#2 சில்லு_மணி | சனி, காலை 9:05

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது அண்ணா? முதலில் அதைச் சொல்லுங்கள். 

நான் ஃபிரண்ட் எண்ட் வேலை, அதாவது திரையில் தெரியும் பகுதியைக் கட்டும் வேலை பார்ப்பவன், ஆறு வருடமாக ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில். நீங்கள் சொன்ன மாதிரி தளங்களை நானே கட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும் இல்லையா?

ஒன்று, எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்யும்போது கம்போனென்ட் முறை (பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டுகளாகக் கட்டுவது) இல்லாமல் சமாளிக்க முடியாது. ஒரு பட்டனை ஒரே இடத்தில் மாற்றினால் நாற்பது பக்கத்திலும் மாறவேண்டும். ரியாக்ட் 2013இல் வெளியே வந்தபோது இருந்த பிரச்சினை நிஜமான பிரச்சினை. ஃபேஸ்புக் மாதிரி ஒரு திரையில் எண்ணிக்கை, அரட்டை, அறிவிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும்போது கையால் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

இன்னொன்று, நீங்கள் பார்த்த 4.6 எம்பியில் எங்கள் கோடு (நிரல்) எவ்வளவு, மார்க்கெட்டிங் ஆட்கள் டேக் மேனேஜர் (வெளி ஸ்கிரிப்டுகளைச் செருக உதவும் கருவி) வழியாகச் செருகியது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நாங்கள் 20 கேபி குறைக்க இரண்டு நாள் உட்காருவோம். மறுநாள் யாரோ எங்களிடம் கேட்காமலே 300 கேபி சாட் பெட்டியைச் சேர்த்துவிட்டுப் போவார்கள். அந்தச் சாவி எங்கள் கையில் இல்லை.

---

#3 கரிசல்காட்டான் | சனி, காலை 9:30

அம்மா நன்றாக இருக்கிறார் தம்பி. சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நன்றி.

> எங்கள் கோடு எவ்வளவு, மார்க்கெட்டிங் ஆட்கள் செருகியது எவ்வளவு

நியாயமான கேள்வி, பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வீடியோவும் படங்களும். மீதியில் வெளி ஸ்கிரிப்டும் தளத்தின் சொந்த ஜாவாஸ்கிரிப்டும் ஏறக்குறைய சமம். ஆனால் வீடியோ வராமல் போனாலும் அம்மாவால் நேரத்தைப் படித்திருக்க முடியும். காலி டிவ்தான் கையை விரித்தது. அது மார்க்கெட்டிங் முடிவு இல்லை, நம் ஆள் எடுத்த முடிவு.

---

#4 வடமராட்சி_வாணன் | சனி, காலை 11:12

பருத்தித்துறையில் இருந்து எழுதுகிறேன். இங்கே நிறையப் பேர் டேட்டா கார்டு போட்டுத்தான் பாவிக்கிறார்கள். 2022இல் நெருக்கடி வந்தபிறகு விலை ஏறினது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு பக்கம் எத்தனை எம்பி என்பது எங்களுக்குக் காசுக் கணக்கு.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்னர் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் தனி எழுத்துரு. அதை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் கிறுக்கல்தான் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை டிஸ்கி என்ற இன்னொரு குறியாக்கத்துக்கு மாற்ற ஒரு செயலி, டிஸ்கியை யூனிகோடுக்கு மாற்ற இன்னொன்று. அவ்வளவு பாடுபட்டு ஒரு பொதுக் குறியாக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். இப்போது எந்தப் போனிலும் தமிழ் எழுத்து உள்ளேயே இருக்கிறது, எதையும் இறக்கத் தேவையில்லை. அப்படியிருக்க, எழுத்துருக் கோப்பு இறங்கும்வரை எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும் தளங்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்தப் பழைய கஷ்டத்தை நாங்களே திரும்பக் கூப்பிட்டு வைத்திருக்கிறோம்.

மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் பாரதி வரை அங்கே வெறும் எச்டிஎம்எல் பக்கமாக இருக்கிறது. ஒரு நூல் முழுவதும் ஒரே பக்கத்தில் வரும். ஒருமுறை திறந்து சேமித்துவிட்டால் இணைப்பே இல்லாமல் வாசிக்கலாம். மின்வெட்டு நாட்களில் நான் அப்படித்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ அழகான தமிழ்த் தளங்கள் வந்து, கட்டினவர் விட்டுப் போனதும் அழிந்துபோயின. அது நிற்கிறது.

---

#5 ஒலிவழி_வாசகன் | சனி, மதியம் 1:48

எனக்குப் பார்வை கிடையாது. திரைவாசிப்பான் வழியாகத்தான் இணையத்தைப் படிக்கிறேன், இந்த இழையையும் அப்படித்தான். என்விடிஏ என்ற இலவச மென்பொருள், 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே தொடங்கியது. அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும்.

எடையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு எடையைவிடப் பெரிய பிரச்சினை வேறு. எச்டிஎம்எல்லில் பட்டன் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் என்விடிஏ "சமர்ப்பி, பட்டன்" என்று சொல்லும், டேப் விசையில் அங்கே போய் நிற்கும், எண்டர் தட்டினால் வேலை செய்யும். இவை எல்லாம் தானாகவே கிடைப்பவை. ஆனால் பல தளங்களில் ஒரு டிவ்வை எடுத்து, நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, கிளிக் செய்தால் ஓடும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது பட்டன். எனக்கு அது "சமர்ப்பி" என்ற வெறும் சொல். டேப் தட்டினால் அதைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். மாவட்டம் தேர்வு செய்யும் பட்டியலில் மட்டும் மாட்டிக்கொண்டேன். உலாவியோடு வரும் செலக்ட் பட்டியலாக இருந்திருந்தால் முதல் எழுத்தைத் தட்டித் தேர்ந்தெடுத்திருப்பேன். அங்கே ஏதோ ஒரு ஆயத்த நிரல்தொகுப்பை வைத்துச் செய்த அழகான பட்டியல். அது திறந்ததா மூடியதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, என் பிறந்த தேதி, சான்றிதழ் எண் எல்லாம் அவன் முன்னால் திறந்துவைத்துத்தான் அனுப்ப முடிந்தது. நானே தனியாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இன்னொரு சின்ன விஷயம். தமிழ்ப் பக்கத்தின் தலைப்பகுதியில் மொழி ஆங்கிலம் என்று குறித்த வார்ப்புருவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். என்விடிஏ அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் குரலை மாற்றும். ஆங்கிலக் குரலில் தமிழ் கேட்டால் ஒன்றும் புரியாது. அதைத் திருத்த இரண்டு எழுத்து மாற்றினால் போதும்.

---

#6 சில்லு_மணி | சனி, மதியம் 2:20

ஒலிவழி_வாசகன், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் இப்போதைய வேலையில் ரெப்போவை (எங்கள் நிரல் முழுதும் இருக்கும் இடம்) திறந்து தேடினேன். கிளிக் வைத்த டிவ் 61 இடத்தில் இருக்கிறது. அதில் நான் எழுதியதும் உண்டு. மன்னிக்கவேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்று யோசித்தேன். நான் மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்டவன். முதல் வாரம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் வேகமாக ஓட்டிவிட்டு இரண்டாவது வாரமே ரியாக்டுக்குப் போய்விட்டோம். ஒரு ஃபார்ம், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே சர்வருக்குத் தகவல் அனுப்பும் என்பதே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். நேர்முகத்தேர்வில் ஹுக்ஸ், ரீடக்ஸ் என்று ரியாக்ட் சங்கதிகளைப் பற்றிக் கேட்பார்கள். ஃபார்மில் ஒரு கட்டத்துக்குப் பெயர் சொல்லும் லேபிள் உறுப்பு எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

---

#7 புதுயுகன் | சனி, மாலை 4:02

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். இந்தியாவில் டேட்டா மலிவு. 5ஜி வந்துவிட்டது. இரண்டு மூன்று எம்பி எல்லாம் ஒரு ரீல் பார்க்கிற அளவுகூட இல்லை. எங்கள் தளத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் நல்ல போன், நல்ல இணைப்பில்தான் வருகிறார்கள். இல்லாத ஆட்களுக்காக ஏன் உழைக்கவேண்டும்?

---

#8 பழைய_தச்சன் | சனி, மாலை 5:35

புதுயுகன் தம்பி, உங்கள் கடைசி இரண்டு வாக்கியத்துக்கும் யூடியூப்பில் நடந்த ஒன்று பதில் சொல்லும்.

அங்கே வேலை பார்த்த கிறிஸ் சகாரியாஸ் என்ற பொறியாளர் 2012இல் எழுதினார். அவர்களுடைய வீடியோ பக்கம் 1.2 எம்பி வரை வீங்கியிருந்தது. அவர் அதை 98 கேபிக்குக் குறைத்து, கொஞ்சம் பேருக்கு மட்டும் திறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. குழம்பிப்போனார். இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிடம் ஆகும், அதனால் வந்ததே இல்லை. புதியது இரண்டு நிமிடத்தில் திறந்தது, வந்துவிட்டார்கள்.

உங்கள் கணக்கில் மெதுவான இணைப்புக்காரர் இல்லையென்றால், அவர் உலகத்திலேயே இல்லை என்று அர்த்தமில்லை. பக்கம் திறந்து கணக்கு ஸ்கிரிப்ட் ஓடினால்தானே அவர் கணக்கில் வருவார்? கரிசல்காட்டான் அம்மாவின் பத்து நிமிடம் அந்த மருத்துவமனையின் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

இணைப்பு மட்டுமே பிரச்சினை என்றும் நினைக்காதீர்கள். 300 கேபி படமும் 300 கேபி ஜாவாஸ்கிரிப்டும் இறங்க ஒரே நேரம் ஆகலாம். படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டை உலாவி வரிவரியாகப் படித்து, கம்பைல் செய்து, ஓட்டவேண்டும். அது ஓடும்வரை விரலால் தொட்டால் திரை அசையாது. விலையுயர்ந்த போனில் அரை வினாடியில் முடிவது, ஏழாயிரம் ரூபாய் போனில் பல வினாடி இழுக்கும். 5ஜி வந்தாலும் அந்தப் போனின் சிப் மாறாது.

சரி, எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் அந்தக் காலம் முழுக்க இருந்தவன். 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிக்கொடுத்த மொழிதான் ஜாவாஸ்கிரிப்ட். ஃபார்மில் எண் சரியா என்று பார்க்கிற மாதிரிச் சில்லறை வேலைக்குத்தான் பல வருடம் அதை வைத்திருந்தோம். 2004இல் ஜிமெயில், 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தன. பக்கத்தைத் திரும்ப ஏற்றாமலே வரைபடம் நகர்வதைப் பார்த்து அலுவலகமே என் கணினியைச் சுற்றி நின்றது இன்னும் நினைவிருக்கிறது. நிஜமான சாதனை அது. 2006இல் ஜேக்வெரி என்ற நிரல்தொகுப்பு வந்தது, உலாவிக்கு உலாவி இருந்த வேறுபாட்டை மறைத்து எங்களைக் காப்பாற்றியது. அது இல்லாவிட்டால் பாதிப்பேர் தொழிலை விட்டிருப்போம்.

பிழை அதற்குப் பிறகு. வரைபடத்துக்குத் தேவைப்பட்ட முறையை, படித்துவிட்டு மூடும் பக்கத்துக்கும் கொண்டுவந்தோம். செய்திக் கட்டுரை, கல்யாண மண்டப முகவரி, கல்லூரி அறிவிப்பு எல்லாமே செயலி மாதிரிக் கட்டவேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு மற்றவர்கள் எழுதிவைத்த ஆயிரம் நிரல் பொட்டலங்களை என்பிஎம் என்ற பொதுக் கிடங்கில் இருந்து இறக்குகிறோம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பொட்டலத்தை அதை எழுதியவர் விலக்கிக்கொண்டார். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரி, அவ்வளவுதான். மற்றப் பொட்டலங்கள் அதை நம்பியிருந்ததால், உலகம் முழுக்க ரியாக்ட், பேபல் (புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய உலாவிக்கு ஏற்ப மாற்றும் கருவி) பயன்படுத்திய பலரின் கட்டுமானம் நின்றுபோனது. அன்று எங்கள் அலுவலகத்திலும் நின்றது. நாங்கள் யாருமே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

---

#9 ஈரோட்டுத்_தறி | சனி, இரவு 8:15

நான் புரோகிராமர் இல்லை. போர்வை, துண்டு வியாபாரம். 2020இல் ஒருவர் நவீனமாகச் செய்து தருகிறேன் என்று தளம் கட்டிக் கொடுத்தார், பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு வருடம் கழித்து போன் நம்பர் ஒன்றை மாற்றவேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டார். வேறு ஒரு பையனிடம் கொடுத்தேன். மூன்று நாள் பார்த்துவிட்டு, "பழைய வெர்ஷன் எதுவும் இன்ஸ்டால் ஆகமாட்டேங்குது அண்ணா, புதுசாத்தான் கட்டணும்" என்றான். பத்து எண் மாற்றுவதற்கு!

இப்போது ஐந்து பக்கம், சாதாரண எச்டிஎம்எல். நம்பர் மாறினால் நானே நோட்பேடில் திறந்து மாற்றுகிறேன். துணிப் படங்கள் மட்டும்தான் கொஞ்சம் கனம்.

---

#10 புதுயுகன் | சனி, இரவு 9:40

பழைய_தச்சன் ஐயா, கணக்கில் வராதவர்கள் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது? "ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர் எத்தனை பேர்" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

---

#11 பழைய_தச்சன் | ஞாயிறு, காலை 6:50

பிரிட்டிஷ் அரசின் இணையக் குழு 2013இல் இதை அளந்து பார்த்தது. அவர்கள் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. இதில் முக்கியமானது அந்த எண் எப்படிப் பிரிகிறது என்பது. உலாவியில் அதை அணைத்து வைத்தவர்களும் ஆதரவே இல்லாதவர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேருக்கு அது வந்திருக்கவேண்டும், வரவில்லை. இணைப்பு அறுந்திருக்கும், அலுவலக ஃபயர்வால் தடுத்திருக்கும், ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் உடைந்திருக்கும். ஆகவே "ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்" என்று தனி ஆள் கூட்டம் யாரும் இல்லை. ரயிலில் குகைக்குள் போகும்போது நீங்களும் நானும் அந்த ஆள்தான்.

மேலாளருக்குக் காட்ட இன்னொன்று. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும், யுஎஸ்ஏ டுடே பத்திரிகை ஐரோப்பிய வாசகர்களுக்கென்று கண்காணிப்பு ஸ்கிரிப்டும் விளம்பரமும் இல்லாத பதிப்பை வைத்தது. 5.2 எம்பி இருந்த முகப்பு ஏறக்குறைய 500 கேபி ஆனது. செய்தி அதேதான். வாசகருக்கென்று வந்தது எவ்வளவு, மற்றவர்களுக்கென்று வந்தது எவ்வளவு என்பது அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

நெட்ஃபிளிக்ஸும் 2017இல், உள்நுழையாதவர்கள் பார்க்கும் முகப்பில் உலாவிப் பக்கத்து ரியாக்டை எடுத்துவிட்டது. சர்வரில் ரியாக்டை வைத்துக்கொண்டார்கள். சில்லு_மணி சொன்ன கம்போனென்ட் வசதியும் போகவில்லை, வாசகரின் போனுக்குச் சுமையும் இறங்கவில்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது. உங்களுக்குப் பிடித்த கருவியில் எழுதுங்கள், ஆனால் எச்டிஎம்எல்லாக முடித்து அனுப்புங்கள்.

---

#12 கரிசல்காட்டான் | ஞாயிறு, மாலை 5:20

நேற்று அந்த மருத்துவமனைக்கு எழுதினேன். அலுவலகத்தில் ஒருவர் உடனே பேசினார், "மாதிரி ஒன்று செய்து காட்டுங்கள், நிர்வாகத்திடம் வைக்கிறேன்" என்றார். இன்று உட்கார்ந்து நேர அட்டவணைப் பக்கத்தை மட்டும் செய்தேன். ஸ்கிரிப்ட் கிடையாது, தனி எழுத்துரு கிடையாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் குறைந்தது மூன்று பைட் எடுக்கும், அப்படியும் சிஎஸ்எஸ் சேர்த்து 5 கேபிதான். அடிக்கடி கேட்கும் கேள்விகளை எச்டிஎம்எல்லின் டீட்டெயில்ஸ் உறுப்பில் வைத்தேன், தொட்டால் தானாக விரிகிறது.

புதிய இணைப்பில் சர்வர் வழக்கமாகப் பத்துப் பாக்கெட், அதாவது ஏறக்குறைய 14 கேபி, ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும். இந்தப் பக்கம் அந்த முதல் மூச்சிலேயே முழுசாக வந்துவிடும். நடுவில் டவர் போனாலும் வந்தது வந்ததுதான்.

முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். வாணன், ஒலிவழி_வாசகன், நேரம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

---

#13 வடமராட்சி_வாணன் | ஞாயிறு, இரவு 7:05

என்னுடைய பழைய போனில், 3ஜியில் பார்த்தேன். தொட்டதும் வந்தது. சேமித்துவிட்டு இணைப்பை நிறுத்தித் திறந்தேன், அப்போதும் வந்தது. அச்செடுத்தால் ஒரு தாளில் அடங்குகிறது, கிராமத்துக் கடையில் ஒட்டி வைக்கலாம்.

---

#14 ஒலிவழி_வாசகன் | ஞாயிறு, இரவு 9:30

மொழி தமிழ் என்று சரியாகக் குறித்திருக்கிறீர்கள், குரல் தானாக மாறியது. 'டி' (T) விசை தட்டினால் நேராக அட்டவணைக்குப் போகிறது. டீட்டெயில்ஸ் "சுருக்கப்பட்டது", "விரிக்கப்பட்டது" என்று சொல்கிறது.

ஒரு குறை. அட்டவணைக்குள் நகரும்போது "9 முதல் 1 வரை" என்று மட்டும் கேட்கிறது. எந்தக் கிழமை, எந்த மருத்துவர் என்று சொல்லவில்லை. தலைப்புக் கட்டங்களையும் சாதாரணக் கட்டமாகவே போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை டிஎச் (th, தலைப்புக் கட்டம்) ஆக மாற்றவேண்டும்.

---

#15 கரிசல்காட்டான் | ஞாயிறு, இரவு 9:52

ஆமாம், எல்லாமே டிடி (td, சாதாரணக் கட்டம்) என்று போட்டுவிட்டேன். இப்போது மாற்றி ஏற்றியிருக்கிறேன், மேல்வரிசைக்கும் முதல் நெடுவரிசைக்கும், எந்தத் தலைப்பு எந்தக் கட்டங்களுக்கு என்று சொல்லும் ஸ்கோப்பும் சேர்த்திருக்கிறேன். இன்னொருமுறை பார்க்கிறீர்களா?

---

#16 ஒலிவழி_வாசகன் | ஞாயிறு, இரவு 10:04

பார்த்தேன். "வெள்ளி, கண் மருத்துவர், 9 முதல் 1 வரை" என்று சேர்த்துப் படிக்கிறது. இதையே அவர்களுக்கு அனுப்புங்கள்.